நிலாவெளி வீதிப் போர்ச் சவக்காலை: மாணவர்கள் பொப்பி அணியலாமா, கற்களைக் கழுவலாமா?

திருமலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் வரலாற்று மன்றத்துப் பிள்ளைகள், நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளி வீதியோரம் இருக்கின்ற இரண்டாம் உலகப் போர்ச் சவக்காலைக்கு நவம்பர் 11ஆம் திகதி சென்று, போரில் இறந்தவர்களின் நினைவாக அணியப்படும் சிவப்புப் பொப்பிப் பூவைச் சட்டையில் குத்தி, இரண்டு நிமிடம் மௌனமாக நின்று, அதன் பிறகு கல்லறைகளைத் துப்புரவு செய்துவிட்டு வரலாம் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். இவர்களிற் பலர் அந்த வீதியாலேயே தினமும் பேருந்தில் வருபவர்கள். ஆயினும் ஒருவராவது ஒரு நாளாவது உள்ளே போனதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது இரண்டு விதமான எதிர்ப்பு வந்தது. வெள்ளைக்காரரின் பூவை எங்கள் பிள்ளைகள் ஏன் நெஞ்சில் குத்த வேண்டும் என்று ஒரு தந்தை கேட்டார். வீட்டுக்கு வீடு இழப்புள்ள இந்த ஊரில், யாரென்றே தெரியாதவர்களுக்கு முதல் விளக்கா என்று ஒரு தாய் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள் என்பதால் அங்கேயே வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்க நான் விரும்பவில்லை.

அதைவிட அவசரமான கவலை ஒன்றும் உண்டு. பிள்ளைகள் எழுதித் தந்த பொருட்பட்டியலில் கழிவறை கழுவும் அமிலம் நான்கு போத்தல், கம்பித் தூரிகை, வெள்ளைச் சுண்ணாம்பு, கல்வெட்டுக்குப் பூசக் கறுப்பு வர்ணம் ஆகியவை இருக்கின்றன. நகருக்குள் இருக்கும் பழைய புனித ஸ்டீபன் சவக்காலையையும் அதே நாளில் துப்புரவாக்கிவிடலாம் என்பது அவர்களுடைய உற்சாகம். எதை அனுமதிக்கலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

கல்வேலைக்காரன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, பழைய தேவாலயங்களிலும் கல்லறைகளிலும் சுண்ணச்சாந்து வேலை செய்து பழகியவன் என்ற முறையில் உங்கள் கடைசிக் கவலைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பூவைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும்.

முதல் வேலையாக அந்த நான்கு போத்தல்களையும் பட்டியலில் இருந்து வெட்டிவிடுங்கள். சலவைக்கல்லிலும் சுண்ணக்கல்லிலும் அமிலம் பட்டவுடன் நுரைத்துப் பொங்கும். அழுக்குப் போகிறது என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். உண்மையில் போவது கல். பளிச்சென்று தெரிந்த அதே இடம் சொரசொரப்பாகிவிடுவதால் அடுத்த மாரியில் முன்னிலும் அதிகமாகப் பாசி பிடிக்கும், எழுத்தின் விளிம்பும் மழுங்கும். வெளிற்றும் திரவங்களும் வேண்டாம், ஏனெனில் அவை கல்லுக்குள் உப்பை விட்டுச் செல்கின்றன. கடற்காற்று கொண்டுவந்து சேர்க்கும் உப்பே எங்கள் ஊர்க் கற்களுக்குப் போதும். கம்பித் தூரிகை கல்லைக் கீறுவதோடு நில்லாமல் இரும்புத் துகளையும் பதித்துவிடுகிறது. அது துருப்பிடித்தபின் எழும் செம்மஞ்சள் கறையை எவராலும் எடுக்க முடியாது. வெண்கலத் தகடு கண்ணில் பட்டால் யாராவது ஒரு பிள்ளை நிச்சயமாக வீட்டிலிருந்து பழப்புளி கொண்டுவரும். குத்துவிளக்குக்கு அது சரி. ஆனால் தகட்டின் மேல் காலம் படியவைத்த கருமைதான் அதன் காப்பு; புளி அதை உரித்துவிட்டால் வெறும் உலோகம் உப்புக்காற்றுக்கு முகங்கொடுக்க வேண்டியதாகிவிடும்.

அடுத்ததாக, இரண்டு சவக்காலைகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டாம். நிலாவெளி வீதியில் இருப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவைச் சேர்ந்தது. 1917ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி அரச சாசனத்தினால் நிறுவப்பட்ட அந்த ஆணைக்குழு, 150இற்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 17 இலட்சம் பேரின் கல்லறைகளையும் பெயர்களையும் பொறுப்பில் வைத்திருக்கிறது. புல் வெட்டுவதற்கும் கல்லைக் கவனிப்பதற்கும் அங்கே முறையான ஏற்பாடு இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் கல்லில் கை வைக்கத் தேவையில்லை, அனுமதி இல்லாமல் வைக்கவும் கூடாது. அங்கே அவர்கள் செய்ய வேண்டிய வேலை வாசிப்பதுதான். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த திகதி, வயது ஆகியவற்றின் கீழே சில கற்களில் குடும்பத்தார் தெரிவு செய்த ஒரு வரி இருக்கும். இத்தனை எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது என்று ஆணைக்குழு வரையறுத்திருந்ததால், ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்ல நினைத்ததையெல்லாம் அதற்குள் அடக்க வேண்டியிருந்தது. உங்கள் மாணவர் ஆளுக்கொரு கல்லைத் தெரிவு செய்து அந்த வரியை எழுதிக்கொண்டு வரட்டும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் மேலதிக விபரமும் கிடைக்கும்.

உண்மையில் கைகள் தேவைப்படுவது நகருக்குள் இருக்கும் பழைய சவக்காலைக்குத்தான். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியாகிய கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் போர்ப் பணியில் இருக்கும்போது நோயுற்று இறந்து, இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார் என்பது உங்கள் ஆங்கில இலக்கிய மாணவருக்குச் சுவையான செய்தியாக இருக்கக்கூடும். அக்காலத்துச் சமாதிகளிற் பல செங்கல்லால் கட்டிச் சுண்ணச்சாந்து பூசப்பட்டவை. அவற்றுக்கு எதிரிகள் மூன்று. முதலாவது, பறவையின் எச்சத்தோடு வந்து விழுந்து வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்றும் அரசங்கன்றும். இழுத்துப் பிடுங்கினால் வேரைப் பற்றிக்கொண்டு செங்கல்லும் வெளியே வரும்; அடியோடு ஒட்ட நறுக்கிவிட்டு, தளிர்க்கத் தளிர்க்கத் திரும்பவும் நறுக்குவதே பாதுகாப்பானது. இரண்டாவது, நல்லெண்ணத்தோடு பூசப்படும் சீமெந்து. சுண்ணச்சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சீமெந்து அந்த ஈரத்தை அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு உள்ளேயே பளிங்காகி, சீமெந்துப் பூச்சின் பின்னால் பழைய செங்கல்லை மாவாக்கிவிடுகிறது. வெளியில் பார்த்தால் சுவர் புதிதாக நிற்கும், தட்டினால் பொள்ளென்று கேட்கும். மூன்றாவது எதிரி வர்ணம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கறுப்பு வர்ணத்தையும் பட்டியலில் இருந்து வெட்டுங்கள்.

உரிய தேவாலயத்தின் எழுத்துமூல அனுமதி கிடைத்து, கல் உறுதியாகவும் இருந்தால் மட்டும், சுத்தமான தண்ணீரும் மென்மையான நைலோன் தூரிகையும் கொண்டு கழுவலாம். கரையோரக் கிணறுகளிற் சில உவர்த்தண்ணீராக இருப்பதால் குழாய்த் தண்ணீரையே வாளியில் கொண்டுபோங்கள். கல்லை முதலில் நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்து, கடைசியில் மேலிருந்து தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குத் தண்ணீரைக் கீழே உலர்ந்திருக்கும் கல் குடித்துவிடும், கோடுகோடாகக் கறை நிற்கும். விரலால் தடவும்போது மணல்போல் உதிர்ந்தாலோ செதிள் எழும்பியிருந்தாலோ தண்ணீரும் விடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

எழுத்து மங்கியிருந்தால் சோக்குக் கட்டி, அரிசிமா எதையும் தேய்க்க வேண்டாம். கைத்தொலைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டுப்பள்ளங்களில் நிழல் விழும், நேரே பார்த்தால் தெரியாத எழுத்துகள் எழும்பி வரும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

கோட்டைவாசல் எழுதியது:

கல்வேலைக்காரன் ஐயா விட்டுவைத்த பூவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொப்பி நினைவுச்சின்னமாக மாறியதற்குக் காரணம் மண். வயல்களில் களையாக முளைக்கும் அந்தச் சிவப்புப் பூவின் விதை, கிளறப்படாத நிலத்தில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மண் புரட்டப்பட்டு வெளிச்சம் பட்டவுடன் முளைக்கும் இயல்புடையது. கசகசாவும் அபினும் தருகின்ற செடி இதே இனக்குழுவின் வேறொரு வகை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கவலைப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். முதல் உலகப் போரில் பெல்ஜியத்து வயல்களைப் பீரங்கிக் குண்டுகள் உழுதுபோட்டதனால் புதைகுழிகளுக்கிடையே பொப்பி செறிந்து பூத்தது. அதைக் கண்டு, நண்பனை இழந்த துயரில், கனேடியப் படை மருத்துவராகிய ஜோன் மக்ரே 1915 மே மாதத்தில் எழுதிய கவிதை அந்தப் பூவை உலகறியச் செய்தது. பிரித்தானியாவில் 1921இல் முதன்முதலாகப் பொப்பி விற்று நிதி சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே, போரில் உறுப்பிழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகப் பொப்பித் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. ஆகவே அந்தப் பூவைப் போர்வெறியின் சின்னமென்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவது சரியன்று.

ஆனால் அந்தத் தந்தையின் கேள்வி இந்த நாட்டுக்குப் புதியதுமன்று; ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது கேட்கப்பட்டுவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் கொழும்பு வீதிகளில் பொப்பி விற்ற பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போனது. இலங்கையிலிருந்து சென்று அதே போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களுக்கு அதிலிருந்து கிடைத்தது சொற்பமே. இதனை எதிர்த்து, 1931இல் முன்னாள் படைவீரர்களின் சார்பில் ஏலியன் பெரேரா என்பவர் அதே நாளில் வேறொரு பூவை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சிங்களத்தில் சூரியமல் என்று பெயர்பெற்ற அந்தப் பூ வேறொன்றுமில்லை, எங்கள் வேலியோரத்துப் பூவரசம்பூதான். 1933இல் இளைஞர் கழகங்கள் அந்த இயக்கத்தைக் கையில் எடுத்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் டொரீன் யங் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி என்பதை அந்தத் தந்தைக்கு மறக்காமல் சொல்லுங்கள். 1934, 1935 ஆண்டுகளில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, பூ விற்ற அதே இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அதில் முன்னின்றவர்களும் பெரும்பாலும் இவர்களே.

என் கருத்து வெளிப்படையானது: பிள்ளைகள் பூவரசம்பூவையே குத்திக்கொண்டு போகட்டும். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை எங்களூரில் கொட்டும்; கடதாசிப் பொப்பி ஊறிச் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கினால் பெற்றோரிடமிருந்து மூன்றாவது எதிர்ப்பும் வரும். பூவரசு கடற்கரை மரம், மழைக்கும் உப்புக்கும் அஞ்சாதது. காலையில் மஞ்சளாக விரிந்து அந்தியில் செந்நிறமாக மாறும் அந்தப் பூவைப் பறித்துக் குத்த ஒரு சதமும் செலவில்லை. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் சின்னவர்களை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூதூரான் எழுதியது:

நான் அந்தத் தாயின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன். பயணத்தைத் தடுப்பதற்காக அல்ல.

அந்தச் சவக்காலையின் ஒழுங்கைப் பார்க்கும்போது, அதிகாரியென்றும் சிப்பாயென்றும் பேதமில்லாமல் கல் நாட்டுவதே ஆணைக்குழுவின் கொள்கை என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கப்படும். கொள்கை அதுதான். எனினும், அந்த ஆணைக்குழு அமைத்த விசேட குழுவே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுள் பெரும்பாலும் ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கையும் சேர்ந்த குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும், அந்தத் தொகை 350,000 வரை உயரக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது. ஆணைக்குழு அதற்கு மன்னிப்பும் கேட்டது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அழகான புல்வெளியை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. யாருக்குக் கல் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியையும் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கேள்வியை எங்கள் மண்ணில் கேட்பது எவ்வளவு வலி தரும் என்பது உங்களுக்கும் தெரியும். நவம்பர் 11 கடந்து பதினாறு நாளில் மாவீரர் நாளாகிய நவம்பர் 27 வருகிறது. வடக்குக் கிழக்கில் போராளிகளைப் புதைத்திருந்த துயிலும் இல்லங்களின் கற்கள் இடித்து நொறுக்கப்பட்டன. பிள்ளையின் பெயர் பொறித்த கல்லைத் தேடிப்போய் வெறுந்தரையில் விளக்கேற்றிய தாய்மாரும், புதைத்த இடமே தெரியாமல் காணாமற்போன மகனின் படத்தைச் சுமந்துகொண்டு வீதியில் நிற்கும் தாய்மாரும் உங்கள் பாடசாலைப் பெற்றோருக்குள்ளேயே இருக்கக்கூடும். வேற்று நாட்டவரின் மகனுக்கு எண்பது ஆண்டுகளாகப் புல் வெட்டப்படுவதைப் பார்த்து அவர்களுக்கு எரிச்சல் வருவது பொறாமையாலல்ல. இறந்தவருக்கு எது செய்யப்பட முடியும் என்பதை அந்த இடம் கண்முன்னே காட்டுவதால்தான். எந்தத் தரப்பின் கல்லானாலும் இறந்தவரின் கல்லை உடைப்பது இழிவு என்பதை நிலாவெளி வீதியில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்க முடியுமானால், அந்தத் தாயும் உங்களோடு வருவார் என்று நம்புகிறேன். பிள்ளைகளைச் சிக்கலில் மாட்டாத விதமாக அதைச் செய்யும் பொறுப்பு உங்களுடையது. பொதுவெளியில் எதைப் பேசலாம் என்பதை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

கடலோரன் எழுதியது:

திகதியைப் பற்றி ஒரு சொல். நவம்பர் 11 முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். திருகோணமலைக்கு நேரடியாக உரிய நாள் 1942 ஏப்ரல் 9. அன்று காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. முதல்நாள் இரவு இங்கிருந்து விமானங்கள் இல்லாமலே வெளியேறித் தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் கரைசேர்த்தது.

சுற்றுலா வழிகாட்டிகள் சிலர், அந்தக் கப்பலோடு போனவர்களெல்லாம் நிலாவெளி வீதியில்தான் உறங்குகிறார்கள் என்று சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். கடலோடு போனவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களுடைய பெயர்கள் பிரித்தானியத் துறைமுக நகரங்களில் உள்ள கடற்படை நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களுள் விமான விபத்திலும் நோயிலும் இறந்தவர்களும் உண்டு. கற்களில் உள்ள திகதிகளை மாணவர் வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும்.

ஏப்ரல் என்றால் நவம்பரைப் போல மழையும் இராது. புதுவருட விடுமுறைக்குச் சற்று முந்திய நாட்கள் என்பதால் பிள்ளைகளைச் சேர்ப்பதும் எளிது. அந்த நாளில் ஊரைவிட்டு ஓடிய கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதையும் எழுதிவரச் சொல்லுங்கள்.

திருமலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அமிலம், கம்பித் தூரிகை, வர்ணம், சுண்ணாம்பு நான்கும் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டுவிட்டன. மன்றத்தில் வாக்கெடுத்தோம். பயணம் ஏப்ரல் 9ஆம் திகதிக்கு மாற்றப்பட்டது. பூவரசம்பூவா பொப்பியா என்பதில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டதால், விரும்பியவர் விரும்பிய பூவை அணியலாம், எதையும் அணியாமலும் வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மூதூரான் ஐயா எழுதியதை வாசித்த பிறகு அந்தத் தாயைத் தனியே சந்தித்துப் பேசினேன். பயணத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கல்லறை அருகில் ஒரு சிட்டி விளக்காவது ஏற்ற வேண்டும் என்று கேட்கிறார். அதில் தடை ஏதும் உண்டா?

கல்வேலைக்காரன் எழுதியது:

கல்லின் மேலோ அதன் அடித்தளத்திலோ வைக்கக்கூடாது. சிந்திய எண்ணெய் கல்லுக்குள் இறங்கினால் பிறகு எடுக்க வழியில்லை, கற்பூரக் கரியும் அப்படியே. அகன்ற தட்டு ஒன்றில் மணல் நிரப்பி, அதன் மேல் சிட்டியை வைத்து, கற்களுக்குத் தள்ளி நடைபாதையில் ஏற்றினால் போதும். காற்றுக்கு ஒரு மறைப்பும் தேவைப்படும். மஞ்சள், குங்குமம் கல்லில் தொட்டு வைக்க வேண்டாம். மலர்வளையம் கட்டினால் இரும்புக் கம்பிக்குப் பதிலாக வாழைநார் பயன்படுத்தச் சொல்லுங்கள். கம்பி துருப்பிடித்தால் வளையத்தின் வட்டம் கல்லிலேயே பதிந்துவிடும். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் மாணவர் தொகை, வரும் நேரம் ஆகியவற்றோடு விளக்கேற்றுவதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். புறப்படும்போது தட்டு, திரி, வாடிய பூ எல்லாவற்றையும் நீங்களே பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.